பரிந்துரைக்கப்படவில்லை

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளுக்குத் தீப்பெட்டி என்று பெயர். ஆள் அவ்வளவுதான் இருப்பாள் என்பது ஒரு காரணம். உரசினால்தான் பற்றுவாள் என்பது இன்னொன்று. உரசாதவரைக்கும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம், ஒன்றும் ஆகாது.

பதினோரு வருடமாக அங்கேதான் வேலை. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைப் பிரிக்க வேண்டும். கறை பட்டதைத் தனியே ஒதுக்கி, மீதியை ஆள் உயர இயந்திரத்தில் அள்ளிப் போட வேண்டும். துவைத்து வந்ததும் இரண்டு பேராக முனை பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். உள்ளங்கைத் தோல் காய்ப்புக் காய்த்துவிட்டது. கொதிக்கிற டம்ளரைத் துணி சுற்றாமல் எடுப்பாள். புருஷன் பெயிண்டர். மனிதர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் அடித்த பெயிண்ட் காய்ந்துவிடும். ஒரே மகள், எட்டாம் வகுப்பு. வாத்தியார் போர்டில் கணக்கைத் தப்பாகப் போட்டால் கை தூக்கிவிடுகிற ரகம்.

ஒரு புதன்கிழமை, அழுக்குத் துணி கொண்டுவந்த இரண்டு நர்சுகள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் பையனுக்குப் பெரிய பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். அடுத்த வெள்ளிக்கிழமையோடு கடைசித் தேதியாம். பெரிய பள்ளி என்றால் ஊருக்கே தெரியும். அரசாங்கத்தின் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இருநூறு பேரைத்தான் எடுப்பார்கள், அதுவும் தேர்வு வைத்து. அங்கே நுழைந்த பிள்ளை அதற்கப்புறம் எங்கே வேண்டுமானாலும் நுழையும் என்பார்கள்.

தீப்பெட்டி கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தாள். விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். "எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பிட்டாங்களே, ஒரு மாசம் ஆச்சு," என்றாள் நர்ஸ்.

வீட்டுக்குப் போய் மகளிடம் கேட்டால், அப்படி ஒன்று வந்ததாகவே அவளுக்குத் தெரியாது. வகுப்பில் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஷிப்டு முடிந்ததும் நேராக மகள் பள்ளித் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அவர் தங்கமான சிரிப்புக்காரர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு இல்லம்மா. மூணாங்கிளாஸ்லேர்ந்து கோச்சிங் போற பிள்ளைங்க எழுதுற பரீட்சை அது. போய் எழுதிட்டு அழுதுட்டு வரும். எதுக்கு அந்தப் பாவம்?"

விண்ணப்பம் வந்ததா இல்லையா என்று மட்டும் அவள் கேட்டாள். வந்தது. மேசை இழுப்பறையில் கட்டுப் பிரிக்காமல், நாற்பது. ஒரு மாதமாக அங்கேயே தூங்கிக்கொண்டிருந்தன. அவர் அதை ஒளித்து வைக்கக்கூட இல்லை. இழுப்பறையைத் திறந்து காட்டியபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அதுதான் அவளை உரசியது. 'நம்ம பிள்ளைங்க' என்றாரே, அந்த 'நம்ம'வில் அவருடைய பிள்ளை இல்லை. அவருடைய பிள்ளை படிப்பது வேறு பள்ளியில்.

விண்ணப்பம் கைக்கு வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். நாலு மணி வரை பார்த்துவிட்டு, அவர் ஒன்றை உருவிக் கொடுத்தார். அதோடு பள்ளியின் அறிக்கை ஒன்று மூடி ஒட்டிய உறையில் போக வேண்டும், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். திங்கட்கிழமை உறையைக் கொடுக்கும்போதும் அதே சிரிப்பு. நல்லபடியாகவே எழுதியிருப்பதாகச் சொன்னார்.

உறையின் மேல் 'பெற்றோர் பிரிக்கக் கூடாது' என்று அச்சடித்திருந்தது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நிறுத்தம் வரைக்கும் பொறுத்தாள். நாலாவது நிறுத்தத்தில் தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள்.

ஒரே தாள். மதிப்பெண் பட்டியலில் குறை ஒன்றும் இல்லை, கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில்: 'தாய் சளவைத் தொழிலாளி. தந்தை தினக்கூலி. வீட்டில் படிப்பதற்கான சூழல் இல்லை. மாணவி சராசரிக்குச் சற்று மேல். தொழிற்கல்வி பொருத்தமாக இருக்கும். பரிந்துரைக்கப்படவில்லை.'

இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது. திரும்ப நடந்து வந்தாள். அந்த மனிதர் ஒரு நாளாவது அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. எந்தத் தெரு என்று கேட்டதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, சூழல் இல்லை என்று எழுதிவிட்டார். பச்சைத் துரோகம், அதுவும் சிரித்துக்கொண்டே.

வீட்டில் தாளைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு, பெரிய இடத்துப் பகை நமக்கு எதற்கு, விட்டுவிடேன் என்றார். "விடுறதா? நீங்க விட்டது போதும்," என்று அவள் ஆரம்பிப்பதற்குள் மகள் தாளை வாங்கிக்கொண்டாள். தடுக்க நேரமில்லை. அந்தப் பெண் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். முகம் வெளுத்துப் போயிற்று. பென்சிலை எடுத்து ஒரே ஒரு வார்த்தையின் கீழ் கோடு போட்டாள்.

"சளவை இல்லம்மா. சலவை."

தீப்பெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அழுகை வந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, விண்ணப்பம் கொடுக்கக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். எட்டாம் எண் கவுன்டரில் இருந்தவர் கிழிந்த உறையைப் பார்த்ததும் கையைக்கூட நீட்டவில்லை. பிரித்த உறை செல்லாது என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து அதிகாரி எழுந்து வந்தார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட ஓர் அம்மாள். என்ன விஷயம் என்று கேட்டார்.

"மேடம், மூடுன கவர்ல என் வீட்டைப் பத்தி யாரோ என்ன வேணா எழுதலாம், அது செல்லும். நான் அதைப் படிச்சா மட்டும் செல்லாதா?"

அதிகாரி தாளை வாங்கிப் படித்தார். பென்சில் கோட்டில் ஒரு விநாடி நின்றார். விதி விதிதான், பிரித்ததை வாங்க முடியாது என்றார். குரலை இறக்கி இன்னொன்றும் சொன்னார்: புது அறிக்கை கொண்டு வந்தால் வாங்கலாம். தலைமையாசிரியர்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, பொறுப்பில் இருப்பவர் யார் கையெழுத்துப் போட்டாலும் போதும். வெள்ளி மாலை ஐந்து மணிக்குள்.

புதன்கிழமை பள்ளிக்குப் போனால் தலைமையாசிரியர் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தார். பொறுப்பில் இருந்தவர் கணக்கு வாத்தியார். அவரைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தாள். தொண்ணூற்றாறு போட்ட கை அவருடையதுதானே. அவரோ சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டு, சார் வரட்டுமே, கேட்டுக்கொண்டு செய்யலாமே, எனக்கும் மேலே ஆள் இருக்கிறதே என்று இழுத்தார்.

"அந்தாளுக்கு என் பொண்ணைத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும். அதனாலதான் அவர் மேல இருக்கறதை விட உங்க மேல எனக்குக் கோபம் ஜாஸ்தி."

வாத்தியார் சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"சூழல் இல்லைன்னு எழுதியிருக்கார். வந்து பாருங்க. பாத்துட்டு நீங்களும் அதையே எழுதுங்க, வாங்கிட்டுப் போறேன்."

வருவார் என்று அவள் நம்பவில்லை. ஆனால் பள்ளி விட்டு அரை மணி நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வந்தார். ஒரே அறை. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் கட்டில். ஜன்னல் ஓரத்தில், இடித்த கட்டடத்திலிருந்து கொண்டுவந்த பழைய கதவு ஒன்றைச் செங்கல் மேல் படுக்க வைத்து, பெயிண்டர் நீல வண்ணம் அடித்து மேசையாக்கியிருந்தார். அதில் தாழ்ப்பாள் இருந்த ஓட்டைக்குள் பேனாக்கள் நின்றன. சுவரில் பெருக்கல் வாய்பாடு, பெயிண்டரின் தூரிகை எழுத்தில். வாத்தியார் சுற்றிலும் பார்த்தார். தன் வீட்டில் பிள்ளைகள் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள் என்று முனகினார். அந்தக் கதவின் மேலேயே தாளை வைத்து அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டினார். போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போனார். அவள் நன்றி சொல்லவில்லை. செய்ய வேண்டியதைச் செய்ததற்கு என்ன நன்றி?

மறுநாளே உறையை எட்டாம் எண் கவுன்டரில் கொடுத்துவிட்டாள். தேர்வுக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஏழு வாரத்துக்கும் மதிய ஷிப்டு மாற்றி வாங்கிக்கொண்டாள். மகள் பள்ளி விட்டதும் சலவைக் கூடத்துக்கு வந்து, துணி மடிக்கும் நீள மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாள். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கூரையையே பார்த்துக்கொண்டு போனார். பெரிய இயந்திரம் ஒரு தடவை துவைத்து முடிக்க நாற்பத்திரண்டு நிமிடம். தேர்வில் ஒரு பகுதிக்கு நாற்பது. இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் மகள் மாதிரித் தாளை எழுத ஆரம்பிப்பாள், மணி அடித்தால் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். மடிக்கிற பெண்கள் ஆளுக்கொரு வார்த்தைக்குப் பொருள் கேட்பார்கள். அவர்களுக்கே விடை தெரியாது, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சரி என்பார்கள்.

கணக்கு பயமில்லை. பிரச்சினை வேறு பகுதி. ஐந்து கட்டங்களில் புள்ளியும் கோடும் சுழலும், ஆறாவது கட்டத்தில் என்ன வரும் என்று கேட்பார்கள். பள்ளியில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. கோச்சிங் போகிற பிள்ளைகள் ஐந்து வருடமாகப் பார்க்கிறார்கள். சொல்லித்தராததைப் பரீட்சையில் கேட்டுவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று தீப்பெட்டிக்கு ஆத்திரம் பொங்கும். பொங்கியது ஒரு நாள் மகள் மேலேயே கொட்டிவிட்டது. இருபதில் ஒன்பதுதான் சரி. இப்படி எழுதினால் அந்த ஆள் சொன்னதுதான் நிஜமென்று ஆகும் என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள்.

மகள் பேனாவை மேசையில் வைத்தாள். "நீ அவருக்குப் பதில் சொல்லணும்னுதான் என்னைப் படிக்க வைக்கிற. எனக்காக இல்ல."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் அந்தப் பெண் சலவைக் கூடத்துக்கு வரவில்லை. வா என்று கூப்பிடத் தீப்பெட்டிக்கு நா எழவில்லை. கோபப்பட்டு அவளுக்குப் பழக்கம் உண்டு, கோபம் தப்பாகிப் போன பழக்கம்தான் இல்லை. மகள் சொன்னதில் பாதி உண்மை என்பதும் உறைத்தது. இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில், வேண்டாமென்றால் விட்டுவிடலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். "வேணும். ஆனா மார்க்கை நீ பாக்கக் கூடாது," என்றாள் மகள். அப்படியே ஒப்பந்தமாயிற்று. அதன் பிறகு ஒன்பது எத்தனை ஆயிற்று என்று தீப்பெட்டிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது உருளைச் சூட்டை விடக் கஷ்டமாக இருந்தது.

தேர்வு நாளில் எட்டாயிரம் பிள்ளைகள். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் கோச்சிங் பெயரைத்தான் கேட்டார். தீப்பெட்டியிடமும் ஒரு சட்டை மடிப்புக் கலையாத மனிதர் கேட்டார், எந்த சென்டர் என்று. ஆஸ்பத்திரி என்றாள். அவர் மரியாதையாக, அது புதுசா என்றார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. முதல் பட்டியலில் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பதினொன்றாவது. மூன்று வாரம் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. நாலாவது வாரம் கடிதம் வந்தது, இடம் கிடைத்துவிட்டதென்று. பெயிண்டர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்து மூன்று முறை வாய்விட்டுப் படித்தார். அவ்வளவு வார்த்தை அவர் ஒரே நாளில் பேசி யாரும் கேட்டதில்லை.

கதை இதோடு சுபமாக முடிந்திருக்கும். ஆனால் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பழைய பள்ளிக்குப் போனால், வாசலில் பேனர் தொங்கியது. மகளின் படம், ஆள் உயரத்துக்கு. 'எங்கள் பள்ளியின் பெருமை.' பக்கத்தில் வட்டத்துக்குள் தலைமையாசிரியர் படம், அதே சிரிப்பு. கீழே 'ஊக்கமளித்து வழிநடத்தியவர்' என்று அவர் பெயர்.

தீப்பெட்டி உள்ளே போனாள். அவர் எழுந்து கும்பிட்டு வாழ்த்துச் சொன்னார். அவள் கைப்பையிலிருந்து கொண்டை ஊசியால் கிழித்த அந்த உறையை எடுத்து, உள்ளிருந்த தாளை உருவி மேசையில் வைத்தாள்.

"பேனர் இருக்கட்டும் சார். அதுக்குக் கீழயே இந்தத் தாளையும் ஒட்டிருங்க. ரெண்டும் நீங்க எழுதுனதுதானே."

அவர் தாளைப் பார்த்தார், பென்சில் கோட்டையும் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு போயிற்று. அது ரகசிய அறிக்கை, நீங்கள் பிரித்ததே குற்றம் என்று ஆரம்பித்தார். பக்கத்து அறை வாசலில் கணக்கு வாத்தியார் வந்து நின்றார். அங்கிருந்து போகவில்லை. மன்னிப்பு எதுவும் வரவில்லை, அவளும் அதற்காக வரவில்லை. விண்ணப்பம் வந்தால் இனி அறிவிப்புப் பலகையில் போடுங்கள், போடாவிட்டால் நான் போடுவேன் என்று சொல்லிவிட்டு, தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மத்தியானத்துக்குள் பேனரை இறக்கிவிட்டார்கள் என்று கேள்வி.

அடுத்த வருடம் அறிவிப்புப் பலகையில் எதுவும் வரவில்லை. அந்த மனிதருக்கு ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறது. விண்ணப்பம் வந்திருக்கிறது என்று கல்வி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தீப்பெட்டி ஒரு வாரம் மதிய ஷிப்டு வாங்கி, காலையில் பிள்ளைகளைக் கொண்டுவிட வருகிறவர்களைப் பள்ளி வாசலில் நின்று பிடித்தாள். சிலர் ஒதுங்கிப் போனார்கள். பதினேழு பேர் உள்ளே போய்க் கேட்டார்கள், பதினேழும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

கடைசி நாள், அவள் கிளம்ப வேண்டிய மத்தியான நேரத்தில், காவலாளிச் சீருடையில் ஒருவர் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பையன் சுமாராகத்தான் படிக்கிறான், இவனுக்கெல்லாம் கிடைக்குமா என்று கேட்டார்.

"அது எனக்குத் தெரியாதுங்க. ஃபாரம் நாற்பது வந்துச்சு, உள்ள இன்னும் மிச்சம் இருக்கு. அது தெரியும்," என்றாள். அவர் தயங்கிக்கொண்டே நின்றார். அவள் பையனைப் பார்த்து, அப்பாவை உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். ஷிப்டுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.