தலைமாட்டில் நின்றவன்

லண்டனில் நாங்கள் குடியிருந்த தெருவின் மூலையில் ஹெலன் என்பவள் ஒரு காப்பிக்கடை நடத்தினாள். 1996 செப்டம்பரில் திறந்தது. அங்கே காப்பியை இனாமல் குவளையில்தான் தருவார்கள். வெள்ளைக் குவளை, நீல விளிம்பு, அங்கங்கே பூச்சு உதிர்ந்து கறுத்த இரும்பு தெரியும். அப்படி உதிர்ந்ததாகப் பார்த்துத் தேடி வாங்குகிறேன் என்று அவளே பெருமையாகச் சொன்னாள். பழைய தையல் மெஷின் கால்களின்மேல் பலகை போட்ட மேசைகள், பாடாத ரேடியோ, ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். முதல் நாள் உள்ளே நுழைந்த லாசர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எலே, பாறசாலை ஆக்கர் கடையில எடைக்குப் போட்ட சாதனம் பூராவும் இஞ்சயாக்கும் வந்து கெடக்கு" என்றான். நான் சிரித்தது எதற்கு என்று ஹெலன் கேட்டாள். கடை அழகாக இருக்கிறதாம் என்று மாற்றிச் சொன்னேன்.

லாசர் தென்கேரளக் கடற்கரையில் பூவார்க்காரன். நான் அங்கிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கொல்லயில் ஊர்க்காரன். ஒரே ஹோட்டலில் அவன் சமையல்கட்டில் பாத்திரம் கழுவினான், நான் சரக்கறையில் கணக்குப் பார்த்தேன். ஒரே அறையில் தங்கினோம். ஊரில் எங்களுக்குள் பழக்கமில்லை. ஆனால் அவன் அம்மை மேரியை எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். கடற்கரையிலிருந்து தலைச்சுமையாக மீன் கொண்டுவருவார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் ஓர் இனாமல் குவளை தொங்கும். என் அம்மா அதில்தான் அவருக்குக் கஞ்சித்தண்ணீர் ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவி மாட்டிவிட்டுப் போவார். அந்தக் குவளை ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. லண்டனில் இது பேச்சில் வந்தபோது லாசர் கோபப்படவில்லை. "உனக்க வீட்டுப் பொறவாசலாக்கும் எனக்க அம்மைக்கு ரெண்டாவது வீடு" என்று சொல்லி, என் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

ஹெலனின் கடையில் ஒரு சுவர் முழுக்கப் புகைப்படங்கள். பழுப்பேறிய திருமணங்கள், தொப்பி வைத்த ஆண்கள், நாயோடு ஒரு குழந்தை. யாரும் அவளுக்கு உறவில்லை. தெருச்சந்தையில் கட்டாக வாங்கியவை. "இந்தத் தெருவில் இருப்பவர்களின் படங்களும் வேண்டும். உங்கள் குடும்பப் படம் இருந்தால் கொண்டுவாருங்கள்" என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். ஊரில் சுவரில் ஒரு முகம் இருந்தால் அது அந்த வீட்டில் செத்தவருடையது. யாரென்றே தெரியாதவர்களைச் சுவரில் ஏற்றி, அவர்களுக்குக் கீழே உட்கார்ந்து கேக் தின்பது எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

1997 ஜனவரியில் நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். மேரி இறந்த செய்தி கிடைத்ததும் பூவாருக்குப் பஸ் பிடித்தேன். லாசரால் வர முடியவில்லை. விசா நீட்டிக்கக் கொடுத்திருந்த அவனது பாஸ்போர்ட், குடியேற்ற அலுவலகத்தில் கிடந்தது. கரையில் வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் கவிழ்ந்துகிடந்தன. அடக்கத்துக்கு முன் படம் எடுப்பது அங்கே வழக்கம். சவப்பெட்டியைத் தலைப்பக்கம் சற்றுத் தூக்கிச் சாய்த்து, முகம் தெரியும்படி வைத்து, குடும்பம் முழுவதும் சுற்றி நிற்கும். நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர் எல்லோரையும் நகர்த்தி நிறுத்திவிட்டு, "தலப்பக்கம் ஒழிஞ்சு கெடக்கே, மூத்தவன் எங்க?" என்று கேட்டார்.

"அண்ணன் லண்டன்லயாக்கும்" என்றாள் லாசரின் தங்கை ஸ்டெல்லா. பிறகு என் கையைப் பிடித்தாள். "இந்த அண்ணன் நிக்கட்டு. ரெண்டு பேரும் ஒரே முறியிலயாக்கும் தாமசம்."

"நான் எப்படி நிக்கியது?" என்றேன்.

"நில்லுங்கண்ணா. அந்த எடம் காலியா இருந்தா அவன் பாத்துத் தாங்கமாட்டான்."

நின்றேன். மேரியின் தலையில் பூமுடி, விரல்களில் செபமாலை. அந்த முகத்தை அவ்வளவு அருகில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

படத்தைச் சட்டம் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். லண்டன் அறையில் லாசர் அதைக் கட்டில்மேல் வைத்துப் பார்த்தான். நான் நிற்கும் இடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அம்மையின் வேறு படம் அவனிடம் இல்லை. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். ஒரு வாரம் அது அவன் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் இருந்தது. "அம்மய பெட்டிக்குள்ள இருந்து எடுத்து வேற பெட்டிக்குள்ள போட்டாச்சு" என்றான் ஒருநாள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை அதைப் பத்திரிகைத்தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு, "வா மக்கா, அந்தப் பொண்ணு கேட்டாளே, அவளுக்கச் சுவருல வைப்போம்" என்று புறப்பட்டான். அது சரிவராது என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

ஹெலன் ஆவலோடு தாளைப் பிரித்தாள். "எவ்வளவு பூக்கள்! கல்யாணமா?" என்றாள். பிறகு சவப்பெட்டியின் விளிம்பைக் கண்டுகொண்டாள். சட்டத்தை மெதுவாக மேசைமேல் குப்புற வைத்தாள். "மன்னிக்க வேண்டும். இங்கே ஆட்கள் சாப்பிட வருகிறார்கள்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் லாசர் சுவரைக் காட்டினான். "கேளு அவகிட்ட. இதுல இருக்கதுவ எல்லாம் செத்ததுவதானே?"

கேட்டேன். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்: "ஆமாம். ஆனால் படம் எடுத்தபோது உயிரோடு இருந்தார்கள்."

அதை நான் தமிழில் சொன்னேன். லாசர் தலையாட்டினான். அவன் சட்டத்தை எடுக்கக் கை நீட்டும்போது ஹெலன் அதைத் திருப்பி மறுபடி பார்த்தாள். தலைமாட்டில் நிற்பவனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "இது நீங்கள்தானே? உங்கள் அம்மாவா?" அவள் கண் நிறைந்துவிட்டது.

"இல்லை, இவனுடைய..." என்று நான் தொடங்கினேன்.

லாசர் குறுக்கிட்டான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், என்னைச் சுட்டிக்காட்டி, "யெஸ். சன்" என்றான்.

"எலே, என்ன சொல்லுக நீ?" என்றேன்.

"நிக்கவனாக்கும் மகன். வராதவன் என்ன மகன்? அவ ஆறுதல் சொன்னா நீ வாங்கிக்கோ."

அதற்குள் ஹெலன் மேசையைச் சுற்றி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். ஏதேதோ ஆறுதல் சொன்னாள். அம்மாவை இழந்தவனுக்கு என்னென்ன சொல்ல முடியுமோ எல்லாவற்றையும். கொல்லயிலில் என் அம்மா அந்நேரம் உயிரோடு நலமாக இருந்தாள். ஹெலனின் தோளுக்கு மேலாக லாசரைப் பார்த்தேன். படத்தை நெஞ்சோடு அணைத்து, கதவோரம், வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான். துக்க வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்த ஒருவன், வீட்டுக்காரர்கள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருப்பதைப் போல.