தாடி வைத்து ஜெயித்த தேர்தல்

முடிவெட்டுக் கடைக்காரனுக்குக் கட்சி கிடையாது. கத்திதான் உண்டு, எல்லாக் கட்சிக்காரர் கன்னமும் அதற்கு ஒன்றுதான். ஃபேரர் பார்க் பக்கம் நானும் அறுபதுகளில் அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன், சவரிமுத்து தேர்தலில் நிற்கும்வரை. கடையும் நடத்தி அரசியலும் பேசி அவஸ்தைப்பட்டவர்களுக்கு என் பாடு புரியும்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸ்

சவரிமுத்து பஸ் கண்டக்டர். கம்பம் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடிசைப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். கட்சிக்கு வருஷக்கணக்கில் உழைத்தவர். தேர்தல் வந்ததும் கட்சி அவரை ஒதுக்கிவிட்டு, எங்கள் தெருப்பக்கமே வராத ஒரு வக்கீலை நிறுத்தியது. எங்களுக்கு வயிறு எரிந்தது. "சுயேச்சையா நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றோம்.

கட்சிக்கு மன்றம் இருந்தது, எங்களுக்குக் கூடிப் பேச இடமில்லை. நம் ஆட்கள்தான் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டிக்கொள்ளமாட்டார்களே. அந்த நாட்களில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். கடையையே தேர்தல் ஆபீஸ் ஆக்கிவிட்டேன். முதல் கூட்டத்தில் சவரிமுத்துவை என் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பால்காரர் கோவிந்தன் சொன்னார்: "மன்றம் இருந்தா போதுமா லா, சுத்துற நாற்காலி இருக்கா அவங்ககிட்ட?"

பாதி முகம்

கட்சிக் கிளைச் செயலாளர் நடேசன் என் பழைய வாடிக்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கன்னம் வழித்து முடித்தேன். அப்போதுதான் கண்ணாடிக்கு மேல் சவரிமுத்துவின் படத்தைப் பார்த்தார். "கட்சி வேண்டாம்னு தள்ளினவனுக்கு இங்க மரியாதையா?" என்று துண்டை வீசிவிட்டு, கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில் இறங்கினார். மறு கன்னத்தில் நுரை. தெருவே சிரித்தது.

போன வேகத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தார். "அந்தப் படத்தைத் திருப்பி வைப்பா" என்றார். வாடிக்கையாளர் சொல்லை மீறலாமா? படம் தெருவைப் பார்க்கும்படி வாசலில் திருப்பி மாட்டினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "மீதியை வழி. பேசாதே."

முருகனுக்கு நேர்ந்த தாடி

கோவிந்தனுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. சவரிமுத்து ஜெயிக்கும்வரை முகத்தில் கத்தி படாது என்று முருகனிடம் வேண்டிக்கொண்டார். அவரைப் பார்த்துச் சலவைக்காரர், துறைமுகத்து ஆட்கள், தோசைக்கடை மாஸ்டர் எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். ஆதரவு பெருகப் பெருகக் கடை காற்று வாங்கியது. ஜெயிக்கவைக்கத்தான் வேலை செய்கிறார்கள், ஆனால் பாவிகளா, என் கடைதானா கிடைத்தது?

என் மனைவி, "ஜெயிச்சா அவரு சட்டசபைக்குப் போவாரு. தோத்தா இவங்க தாடி எடுக்கவே மாட்டாங்க, நாம எங்க போறது?" என்றாள். அன்றைக்கு எனக்கும் தூக்கம் வரவில்லை. மறுநாள் பால் ஊற்ற வந்த கோவிந்தனிடம் புலம்பினேன். தாடியைத் தடவிக்கொண்டே அவர் சொன்னார்: "அண்ணே, கத்தியைத் தீட்டி மட்டும் வைங்க."

வெள்ளிக்கிழமைச் சவரம்

சவரிமுத்து ஜெயித்துவிட்டார்! காலையில் கடையைத் திறந்தால் தெருக்கோடிவரை தாடிகள். ஆனால் பாருங்கள், அன்று வெள்ளிக்கிழமை. வேண்டுதலைத் தள்ளிப்போடவும் பயம், வெள்ளியில் சவரம் செய்யவும் பயம். ஒருவரும் நாற்காலியைத் தொடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவரிமுத்துவே வந்து உட்கார்ந்தார். "நாங்க வேதக்காரங்க. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கறிதான் ஆகாது, சவரம் ஆகும். போடுங்கண்ணே" என்றார். அவர் முகத்தை வழித்ததும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிட்டது. அடுத்து கோவிந்தன் உட்கார்ந்தார்.

அப்போது நடேசன் வந்தார், கையில் ரோஜா மாலை. "தம்பி சவரிமுத்து, கட்சி உன்னை மறக்கலைப்பா" என்று எல்லாரையும் இடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார். நாற்காலியிலிருந்த கோவிந்தன் நுரை முகத்தோடு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "ஐயா, வரிசை தெருக்கோடியில முடியுது, அங்க போய் நில்லுங்க."

அடுத்த தேர்தலுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள், தினமும் சவரம் செய்துகொள்வதாக முருகனிடம் வேண்டிக்கொண்டால் இந்த ஏழையும் அவர்கள் கட்சிதான்.