வெடிபட்ட மான்

என் அண்ணா அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர். அதுவும் ரிவோல்வரோடு. முதலில் நான் நம்பவில்லை. ரிவோல்வர் என்றால் அதை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கும் பொலிஸ்காரர்தான் எனக்கு நினைவுக்கு வருவார். அண்மையில் லீவில் தண்ணீரூற்று ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது போனில் படங்கள் காட்டினார். அங்கே அதற்கு அனுமதிப் பத்திரம் இருக்கிறதாம், வேட்டைக்கென்று ஒரு பருவம் இருக்கிறதாம்.

"நாப்பது மீற்றருக்கு அங்கால மான் நிண்டா நான் சுடமாட்டன், தங்கச்சி. சாப்பாட்டுக் கோப்பை அளவு இடத்துக்குள்ள ஒவ்வொரு வெடியும் விழவேணும். எந்தத் தூரம் வரைக்கும் அப்பிடி விழுதோ, அதுதான் என்ர தூரம். அதுக்கு அங்கால சுட்டா மான் சாகாது. காயத்தோட ஓடித் திரியும்."

என் கணவர் சிரித்தார். "இஞ்ச இருட்டுக்க பத்தை அசைஞ்சாலே சுடுவாங்கள், மச்சான். அதுவும் இடியன் துவக்கால. வெடிமருந்தை இடிச்சு, கையில கிடைச்ச இரும்புத் துண்டைப் போட்டு அடிப்பாங்கள்."

இங்கே மானைச் சுடுவது குற்றம். ஆனாலும் சுடுகிறார்கள். எனக்கும் மான்களில் பெரிய பாசம் ஒன்றும் இல்லை. காட்டோரத்தில் இருக்கும் எங்கள் கச்சான் தோட்டத்தில் நிலக்கடலைக் கொழுந்தை மேய்ந்துவிட்டுப் போகும். பழைய சேலைகளைக் கட்டி வேலி போட்டிருந்தோம். சேலைக்குக் கீழால் குனிந்து வந்தன.

ஒருநாள் காலை மூவரும் தோட்டத்துக்குப் போனபோது வரிசைகளுக்கு நடுவில் ஒரு பெண்மான் கிடந்தது. பின்னந்தொடை சிதைந்திருந்தது. ஈ மொய்த்தது. எங்களைக் கண்டதும் முன்னங்கால்களால் மண்ணைப் பறித்து எழும்பப் பார்த்து விழுந்தது. நாங்கள் பின்னுக்கு வந்தோம்.

"நல்ல தூரத்தில இருந்து அடிச்சிருக்கிறான்" என்றார் அண்ணா. முகம் கறுத்துப்போனது.

காட்டு விலங்குகளுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்கு நான்தான் போன் எடுத்தேன்.

"வாகனம் யானைப் பிரச்சினைக்குப் போயிட்டுது அம்மா. வந்தோண்ண அனுப்புறம். நீங்கள் மானைத் தொடவேண்டாம். செத்தாலும் தொடவேண்டாம். பிறகு வழக்கு உங்களுக்குத்தான் வரும்."

மாட்டு வைத்தியரைக் கேட்டேன். காட்டு மிருகத்தில் அந்த அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் கைவைக்க முடியாது என்றார். பொலிஸில் கேட்டேன். அந்த அலுவலகத்துக்கே எடுக்கச் சொன்னார்கள். திரும்ப எடுத்தேன். வாகனம் இன்னும் வரவில்லை.

பாலை மரத்துக்குக் கீழே நின்றோம். கிட்டப் போனால் மான் எழும்பப் பார்க்கிறது. தள்ளி நின்றால் நாய்கள் வருகின்றன. கணவர் கல்லெறிந்து கலைத்துக்கொண்டிருந்தார். அண்ணா குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். "ஒரு வெடி போதும். இந்தத் தூரத்தில ஒரே ஒரு வெடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துவக்கு இல்லாத இடத்தில் அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் வந்தது.

மோட்டார் சைக்கிளில் வந்த பக்கத்துத் தோட்டக்காரர் வேலியோரம் நிறுத்திப் பார்த்தார். "ஏனக்கா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பின்னேரம் வரைக்கும் கிடந்தா இறைச்சி பழுதாப்போயிடும்."

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்றேன்.

வெயில் ஏறியபோது மான் ஒரு சத்தம் போட்டது. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி. பிறகு விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. கொட்டிலுக்குள் இருந்த கோடாலியை எடுத்துவந்தேன்.

"இஞ்சேருங்கோ, இதை முடிச்சுவிடுங்கோ."

"உனக்கென்ன விசரே? பிறகு மறியல்ல கிடக்கிறது ஆர்?" என்றார் கணவர்.

அண்ணா கோடாலியை வாங்கினார். சில அடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து என் கையிலேயே தந்தார். "கோடாலியால எனக்கு ஏலாது, தங்கச்சி."

"அப்ப இவ்வளவு நாளும் என்னத்துக்கு அந்தக் கதையெல்லாம் கதைச்சனீங்கள்?"

நானே நடந்தேன். கோடாலியை ஓங்கும் அளவுக்குக்கூடக் கிட்டப் போகவில்லை. மான் மூன்று காலில் எழும்பியது. அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே மிஞ்சியிருந்ததோ தெரியாது. வரிசைகளை உழக்கிக்கொண்டு, சேலையையும் கிழித்துக்கொண்டு, முட்பத்தைக்குள் போய்விட்டது. உள்ளே தேடினோம். கையும் காலும் கீறியதுதான் மிச்சம்.

ஜீப் பின்னேரம் வந்தது. இரண்டு பேர். மூத்தவர் தட்டுத்தடுமாறித் தமிழ் கதைத்தார்.

"மான் எங்க?"

சொன்னேன். அவர் மரத்தில் சாத்தியிருந்த கோடாலியைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அண்ணா கோபத்தில் ஆங்கிலத்தில் கொட்டத் தொடங்கினார். அதனால் விஷயம் இன்னும் கெட்டது.

"வீடு பார்க்க வேணும்" என்றார் அதிகாரி.

என் குசினிக்குள் அந்நிய மனிதர் ஒருவர் சட்டி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே நாயாற்றுக் கடல்மீன் குழம்பு. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். ஐஸ்கிரீம் டப்பாவில் இறால். அவமானத்தில் என் காது சுட்டது. அவருக்கும் கூச்சமாகத்தான் இருந்திருக்க வேண்டும். போகும்போது, "கோவிக்க வேணாம் அம்மா. மான் ஓடிட்டுது என்றுதான் நிறையப் பேர் சொல்றது" என்றார். இளையவர் முட்பத்தைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தார். ஜீப் போய்விட்டது.

சில நாள் கழித்துக் காட்டுப் பக்கமிருந்து அழுகல் மணம் வந்தது. அண்ணா தேடிப்போய் மானைக் கண்டுபிடித்தார். நாங்கள் தேடிய இடத்திலிருந்து அதிகம் தள்ளி இல்லை. வந்து கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தார்.

"அவங்களுக்குச் சொல்லுவம். செத்த இடத்தையாவது வந்து பாக்கட்டும்."

"நீங்கள் அடுத்த கிழமை பிளேன் ஏறிடுவியள், மச்சான்" என்றார் கணவர். "நாங்கள்தான் இஞ்ச இருக்கப்போறம். ஒருத்தருக்கும் போன் அடிக்கவேண்டாம்."

அண்ணா என்னைப் பார்த்தார். கணவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். அதுவே எனக்கு ஆத்திரமாக இருந்தது. "போனை வையுங்கோ, அண்ணா" என்றேன். அன்று அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் கதைக்காமலே சாப்பிட்டார்கள்.

நான் உழக்கப்பட்ட கச்சான் செடிகளைப் பிடுங்கப் போனேன். காய்கள் முற்றவில்லை. பிதுக்கினால் தண்ணீர்தான் வந்தது. அவித்துத் தின்னவும் உதவாது. குவித்து மாட்டுக்குப் போட்டேன்.