அஞ்சாவது ஆளு

எங்க வீட்டுக்காரவுகளை ஆஸ்பத்திரிக்குக் கெளப்புறதுக்குப் பதிலா ஒரு காளமாட்டை மினி பஸ்ஸுல ஏத்திரலாம். ஆடி மாசம் புடிச்ச இருமல் தீவாளி வரைக்கும் விடலை. டாக்டர்கிட்டப் போவோம்னா, "சீசன் முடியட்டும்"னு ஒரே பதில். எங்களுக்குத் தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில வேலை. நான் வெடிக்குத் திரி வைக்கிறவ, அவுக மருந்து கலக்குறவுக. எங்கூர்ல மருந்துன்னா வெடிமருந்து. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி மூணையும் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி சல்லடையில போட்டுக் கையால சலிச்சுக் கலக்கணும். வேலை முடிஞ்சு வந்தாகன்னா புருவத்துலருந்து கால் நகம் வரைக்கும் வெள்ளி பூசுன மாதிரி இருப்பாக. சோப்பு போட்டாலும் காதுக்குப் பின்னாடி மினுங்கும்.

தீவாளிக்கு ரெண்டு நாள் முன்னாடி சாத்தூருக்கு இழுத்துக்கிட்டுப் போயி ஒரு எக்ஸ்ரே படம் எடுத்தேன். டாக்டரு அதைத் தூக்கிப் பாத்துட்டு, "நெஞ்சுல நிழல் மாதிரி தெரியுதும்மா. மதுரையில நெஞ்சுக்குன்னே ஆஸ்பத்திரி இருக்கு, அங்க காட்டுங்க"ன்னு எழுதிக் குடுத்தாரு. எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் நெஞ்சுல நிழல்னு சொன்னாக. மூணாம் மாசம் போய்ச் சேந்துட்டாக. இந்த மனுசன் இல்லைன்னா எனக்கு ஒரு நாள் ஓடாது. அதை மூஞ்சிக்கு நேராச் சொல்ல முடியுமா? அதனால அந்த வாரம் முழுக்க வாய் ஓயாம ஏசிக்கிட்டே இருந்தேன். தீவாளி முடிஞ்சு கம்பெனியை அடைச்சதும் சாக்குச் சொல்ல ஒண்ணும் இல்லாமப் போச்சு, கெளம்பிட்டாக.

இங்கன ஒரு விசயம் சொல்லணும். எங்க கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு பேருதான். அரசாங்கச் சட்டம் அது. செவத்துலயே எழுதிப் போட்டிருக்கும். மத்தவங்களுக்கு அது செவத்துல எழுதின எழுத்து. எங்க வீட்டுக்காரவுகளுக்கு அதுதான் வேதம். அஞ்சாவதா ஒரு ஆளு வாசப்படியில கால் வச்சாப் போதும், சல்லடையை மெதுவாக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வெளிய வந்துருவாக. ஒருக்கா முதலாளியோட புது மருமகன் கார்ல வந்து எறங்கி உள்ள எட்டிப் பாத்திருக்காரு. "தம்பி, நீங்க அஞ்சாவது ஆளு, வெளிய போங்க"ன்னுட்டாக. போர்மேனுக்கு அன்னைக்கு மயக்கம் வராத கொறை. ஏங்க இப்பிடின்னு நான் கேட்டதுக்கு, "நாலு பேரு வேலை பாத்துச் சாகுறான். அஞ்சாவது ஆளு வேடிக்கை பாத்துல்ல சாகுறான்"னாக. எங்க மூத்த மக வளைகாப்புக்கு வந்த பொம்பளைகளை எண்ணிப் பாத்துட்டு, கடைசி வரைக்கும் தெருவுல நின்னே சாப்பிட்டாகன்னா பாத்துக்கங்க.

மதுரைக்குப் போய்ச் சேரும்போது மணி ஒம்பது. ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு இரும்புக் கம்பிக் கதவு. இவுக செருப்பைக் கழட்டிட்டு, வலது உள்ளங்கையைக் கம்பியில அமுக்கி வச்சு, ஒரு நிமிசம் கண்ணை மூடி நின்னாக. கும்பிடலை. கம்பெனியில ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல பதிச்ச செம்புத் தகட்டைத் தொடணும், உடம்புல இருக்கிற கரண்டு எறங்கிரும்பாக. முப்பது வருசப் பழக்கம், கை தன்னால போகுது. அது பின்னாடி வந்த அம்மாவுக்குத் தெரியுமா? அந்தம்மா செருப்பைக் கழட்டிக் கம்பியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. அதுக்குப் பின்னாடி வந்தவரும் ஒத்திக்கிட்டாரு. நாங்க சாயந்திரம் திரும்பும்போது அந்தக் கம்பியில ஒரு முழம் கனகாம்பரம் சுத்தியிருந்துச்சு.

உள்ள பெரிய ஹால். பெஞ்சு பெஞ்சா ஒரு அறுபது பேரு இருமிக்கிட்டு உக்காந்திருக்காக. இவுக வாசப்படியில நின்னு ஒரு பார்வை பாத்தாக. உதடு அசையுது, தலையை எண்ணுறாக. போச்சுன்னு நெனச்சேன்.

"ஒரே ஒரு வாசல்தான் இருக்கு" அப்பிடின்னாக. "கதவு வேற உள்பக்கமாத் தெறக்குது பாரு. யாரு கட்டுன கட்டடம் இது?"

"உக்காருங்க, நம்பரு கூப்புடுவாங்க."

"நான் அந்த வேப்ப மரத்தடியில நிக்கேன். நீ இருந்து கேளு."

"நான் மட்டும் உள்ள இருக்கலாமாக்கும்?"

"நீயும் உள்ள போகாத. படியில நில்லு."

"காலம்பர பஸ்ஸுல அறுபது பேரு ஏறி நசுங்கிக்கிட்டு வந்தோமே, அப்ப எங்க போச்சு உங்க கணக்கு?"

"பஸ்ஸுக்கு ரெண்டு வாசலு இருக்குல்ல" அப்பிடின்னுட்டு மரத்தடிக்கு நடந்துட்டாக. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. ஊரே வைத்தியம் பாக்க உள்ள போகுது, இந்த மனுசன் மட்டும் ஆஸ்பத்திரி இடிஞ்சு விழுமான்னு பாத்துக்கிட்டு வெளிய நிக்காக.

எங்க நம்பரு முப்பத்தொண்ணு. கூப்பிடும்போது நான் படியில நின்னு, "ஏங்க, ஏங்க"ன்னு கத்துறேன், ஆளைக் காணோம். அப்பத்தான் எல்லார் கையிலயும் செல்போன் வந்த புதுசு. மரத்தடியில ஒருத்தரு போன் பேசப் போக, "மொதல்ல அதை அமத்துங்க, பொறி கெளம்பிரும், இம்புட்டுப் பேரு இருக்கிற எடத்துல"ன்னு இவுக அவர்கிட்டச் சண்டைக்கு நிக்காக. கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடி வந்தா முப்பத்திரண்டாம் நம்பரு உள்ள போயாச்சு. நர்ஸம்மா என்னை ஒரு மாதிரியாப் பாத்தாங்க. "எங்க போனாரும்மா உங்க ஆளு?"

"எண்ணிக்கிட்டு இருந்தாக சிஸ்டர்."

அந்தப் புண்ணியவதி வேற ஒண்ணும் கேக்காம எங்களை அடுத்ததா அனுப்பிட்டாங்க. மொதல்ல எக்ஸ்ரே. அந்த ரூமுக்குள்ள ஒரே ஆளுதான் நிக்கணும், படம் எடுக்கிறவரு கூட வெளிய போயிருவாரு. இவுகளுக்கு அப்பிடி ஒரு சந்தோசம். வெளிய வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே, "புள்ள, இதுதான் ரூமு"ன்னாக.

அடுத்தது ஊதிப் பாக்குற சோதனை. சின்ன ரூமு. ஒரு பொண்ணு மிசினுக்குப் பக்கத்துல, கூட இன்னொரு பொண்ணு நோட்டுல எழுதுறதுக்கு, முன்னாடி ஊதுனவரு வேர்த்துப் போயி ஓரமா உக்காந்திருக்காரு. இவுக நாலு. நான் தலையை மட்டும்தான் நீட்டினேன்.

"ஏ இந்தா, வெளிய நில்லு."

அம்புட்டுப் பேரு முன்னாடி! கோழி கூவ எந்திரிச்சுச் சோறு கட்டுனவ நான், அறுபது பேருல இடிச்சுப் புடிச்சு சீட்டுப் போட்டவ நான், நர்ஸம்மாகிட்டப் பதில் சொன்னவ நான். நான் அஞ்சாவது ஆளு! வாய்க்குள்ளயே ஏசிக்கிட்டு நிலைப்படியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

அந்தப் பொண்ணு ஒரு குழாயைக் குடுத்து, "ஐயா, நல்லா மூச்சை இழுத்து, பலமா ஊதுங்க"ன்னா. இவுக குழாயை வாயில வச்சாக, முகத்தை ஒரு பக்கமாத் திருப்பினாக, மூச்சைக் கடைவாய் வழியா மெதுவா விட்டாக. மெழுகுவத்தி கூட அசையாது. "திருப்பாம ஊதுங்க ஐயா." மறுபடியும் அதே. மூணு தடவை ஆச்சு. அந்தப் பொண்ணு எழுதுறவளைப் பாத்தா. நெஞ்சுல மூச்சே இல்லைன்னு நெனைக்காளே பாவி! மருந்து ரூம்ல எவனும் நேரா மூச்சு விட மாட்டான். பொடி பறக்கக் கூடாது. தும்மல் வந்தாலும் வெளிய ஓடி வந்துதான் தும்மணும். இதை அந்தப் புள்ளைக்கு யாரு சொல்றது?

"ஏங்க!"ன்னு வாசல்லருந்து கத்தினேன். "இங்கன பொடி கெடையாதுங்க! என்னை ஏசுறதா நெனச்சுக்கிட்டு ஊதுங்க!"

ஊதினாக பாருங்க. மிசினு கீச்சுன்னு சத்தம் போட்டுச்சு. ரெண்டு பொண்ணுகளும் சிரிச்சிட்டாளுக, ஓரத்துல உக்காந்திருந்தவரும் சிரிச்சாரு. அப்புறம் இவுகளுக்கு இருமல் வந்துச்சு. வந்தது நிக்கலை. நாற்காலிக் கையைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர, நரம்பு பொடைக்க இருமிக்கிட்டே இருந்தாக. பொண்ணுக சிரிப்பு அடங்கிப் போச்சு. நான் நிலைப்படியைத் தாண்டலை. தாண்டியிருக்கணும்.

மூணு மணிக்குப் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டாங்க. அவங்க பக்கத்துல படிக்கிற டாக்டர் புள்ளைக ரெண்டு பேரு. இவுக போயி உக்காந்தா நாலு. யாரும் சொல்லாமலே நான் வெளிய நின்னுக்கிட்டேன். திரைச்சீலை காத்துல வெலகுறப்ப உள்ள தெரிஞ்சுச்சு. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல மாட்டி, பேனாவால ஒரு எடத்தைக் காட்டுறாங்க. படிக்கிற புள்ளைக குனிஞ்சு பாக்காக. எங்கப்பா படத்தையும் இப்பிடித்தான் குனிஞ்சு பாத்தாக. இவுக அசையாம உக்காந்திருக்காக. அப்புறம் மெதுவாத் திரும்பி என்னையத் தேடினாக.

"ஏ இந்தா. உள்ள வா."

"அஞ்சு பேராச்சேங்க" அப்பிடின்னேன். வாய்ல அதுதான் வந்துச்சு.

"தெரியும். வா."

முப்பது வருசத்துல அந்த மனுசன் சொல்லாத வார்த்தை அது. முடிஞ்சு போச்சுன்னே நெனச்சேன். போயி அவுக நாற்காலிக்குப் பின்னாடி நின்னேன். என் மணிக்கட்டைப் புடிச்சாக.

டாக்டரம்மா நல்ல மாதிரி. சுத்தி வளைக்கலை. "புத்து நோய் இல்லம்மா. டிபியும் இல்ல. நெஞ்சுல பொடி படிஞ்சு போயிருக்கு. படிஞ்சதை எடுக்க முடியாது. இனிமே அந்தப் பொடிப் பக்கம் போகலைன்னா இத்தோட நிக்க வாய்ப்பிருக்கு. போனா நிக்காது"ன்னாங்க. அப்புறம் இவுகளைப் பாத்து, "ஏங்க, மூக்குல துணி கட்டிக்கிட்டு வேலை பாக்கக் கூடாதா?"ன்னாங்க.

"துணி கட்டுனா வாசம் தெரியாதும்மா" அப்பிடின்னாக. "ஈரம் பட்டா மருந்து சூடாகும். சூடாகுறதுக்கு முன்னாடி லேசா மூத்திர வாடை மாதிரி ஒண்ணு வரும். அதைப் புடிச்சு ஒருத்தன் சத்தம் குடுத்தாத்தான் மத்த மூணு பேரும் ஓட முடியும். மூணு தடவை ஓடியிருக்கோம்."

படிக்கிற புள்ளைக ரெண்டு பேரும் எழுதுறதை நிறுத்திட்டாளுக. எனக்கே அந்த மூணு தடவையில ஒண்ணுதான் தெரியும்.

"நான் போகலைன்னா அங்கன யாரும்மா மோந்து பாக்குறது?"ன்னு டாக்டரம்மாகிட்டக் கேட்டாக, அவங்க ஏதோ சீட்டுல எழுதிக் குடுப்பாங்கங்கிற மாதிரி.

"யாராச்சும் மோந்து பாக்கட்டும்!"னு நான் கத்திட்டேன். "நீங்க போகக் கூடாது!" மத்த மூணு பேரையும் எனக்குத் தெரியும். ஒருத்தன் எனக்குத் தம்பி முறை. அவன் முகம் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு, வந்த பிறகுதான் கத்தினேன். அதுக்காக இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா திரும்ப அந்த எடத்துல நிக்க வச்சாலும் அதைத்தான் சொல்லுவேன்.

அவுக என் மணிக்கட்டை விடலை. "சரி, எந்திரிப்போம். அஞ்சு பேரு இருக்கோம்"னாக. நான் அங்கனயே ஓன்னு அழுதுட்டேன்.

கார்த்திகை கழிச்சுக் கம்பெனி தெறந்தாங்க. இவுகளுக்கு வாசல் கேட்டுல வேலை. வர்றவங்க பையில தீப்பெட்டி, செல்போன் இருக்கான்னு தடவிப் பாக்கணும். மருந்து ரூமுக்குப் புதுசா ஒரு ஆளைப் போட்டு நாலு பேராக்கிட்டாக. மொத நாள் காலம்பர நான் திரி வைக்கிற ரூம்ல உக்காந்திருக்கேன், எதிர்த்தாப்புல மருந்து ரூமு. இவுக கேட்டை விட்டுட்டு மெதுவா நடந்து வர்றாக. செருப்பைக் கழட்டினாக, தகட்டைத் தொட்டாக, வாசல்ல நின்னு மூக்கை உள்ள நீட்டினாக.

உள்ளருந்து என் தம்பி முறைக்காரன் சல்லடையைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சான். "அத்தான், கோவிச்சுக்கிடாதீக. நீங்க அஞ்சாவது ஆளு. வெளிய போங்க."

நான் திரியைக் கையில வச்சுக்கிட்டு அப்பிடியே பாத்துக்கிட்டிருந்தேன். இவுக ஒரு அடி பின்னாடி வச்சாக. இன்னொரு அடி வச்சு வெயில்ல எறங்கினாக. அப்புறம் என் பக்கம் திரும்பி, "சரியாத்தான் சொல்றான்"னு சிரிச்சாக. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாக.