கழுத்திலிருந்து தொடங்கிய விசாரணை

நூல் ஆலையில் என் அக்காவுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வாசல், அதே இரும்பு மேஜை. சாப்பாட்டு டப்பா மூடிக்குள், குடை மடிப்புக்குள், செருப்பு அடியில் என்று ஒரு நூல்கண்டு எங்கெங்கே ஒளியும் என்பதைக் கரைத்துக் குடித்தவள். அவளிடம் ஒரு தந்திரம் உண்டு. யார் மேலாவது சந்தேகம் வந்தால் ஒன்றும் கேட்க மாட்டாள். மேஜை ஓரத்தில் ஒரு நூல்கண்டை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். எடுக்கிறவள் எடுத்துவிடுவாள். "கேட்டா பொய்தான் வரும். சும்மா விட்டா உண்மை தானா வரும்" என்பாள்.

வாசலில் பார்க்கிற வேலையை வாசலோடு விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதேதான். அத்தான் இறந்து, அவள் மகன் நாலு வயதுப் பிள்ளையாக நின்றபோது துணைக்கு வந்தவள் நான். வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை எனக்கு. கால் மணி நேரம் தாமதமாக வந்தால் போதும், கதவிலேயே நிற்பாள்.

"கிளினிக் ஆறு மணிக்கு மூடிடுது. இப்ப மணி ஆறரை. வழியில யாரு?"

எனக்கு ஐம்பது வயது. வழியில் யார் வரப் போகிறார்கள், வந்தால் நான் ஏன் வீட்டுக்குத் திரும்பி வரப் போகிறேன்!

ஷிப்ட் முடிகிற நேரம் தவிர ஆலை வாசலில் ஈ ஓட்டும் வேலைதான். அப்படிச் சும்மா இருக்கிற நேரத்தில்தான் நுனியில் கொக்கி வைத்த குரோஷா பின்னல் ஊசி அவள் கைக்கு வந்தது. நூல் ஆலையின் வாசலில் உட்கார்ந்து நூல் பின்னுகிறோமே என்று, வாங்கிய கடையின் ரசீதைப் பைக்குள் ஊக்கு குத்தி வைத்திருப்பாள். தினமும் கிளம்பும்போது அடுத்த ஷிப்ட் பெண்ணிடம் தன் பையைத் தானே திறந்து காட்டுவாள். "பாத்துக்கோ. என்னை நானே நம்ப மாட்டேன், நீ எதுக்கு நம்பற?" என்பாள். அவள் பின்னல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கை இறுக்கம். கண்ணி தளர்ந்தால் ஏதோ தப்பித்து ஓடிவிடும் என்பது போல இழுத்து இழுத்துப் போடுவாள். அவள் பின்னிய காய்கறிப் பையில் தண்ணீர் பிடித்து வைக்கலாம்.

இப்படிப்பட்டவளிடம் அவள் மகன் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அவனை வீட்டில் நெட்டை என்போம். கதவு நிலையில் இன்னும் இடித்துக்கொள்கிறவன். பெண் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துகிறவள். அதிகம் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், கொடுத்ததற்கு ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். அக்காவை முதல் நாளே அத்தை என்று கூப்பிட்டாள்.

அவர்கள் போனதும் அக்கா ஆரம்பித்தாள். "வந்த அன்னிக்கே அத்தையா? பழகின வாய் மாதிரி இருக்கு."

"பின்ன உன்னை என்னன்னு கூப்பிடணும், எக்ஸ்ரேன்னா?"

"பேசவே மாட்டேங்கறா பாத்தியா. எதையோ மறைக்கறா."

"பேசியிருந்தா வாயாடின்னு சொல்லியிருப்ப."

நெட்டைக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. கோடை முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். அதற்குள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு அவளோடு போக வேண்டும் என்று துடித்தான். அம்மா சரி என்று சொல்லாமல் செய்ய மாட்டேன் என்றும் சொல்லிவிட்டான். அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் தேனாகப் பேசினாள்.

"கடையில விளக்கு சூடு தாங்கலைன்னு சொன்னாளே, பாவம். பருத்தி நூல்ல மெல்லிசா ஒரு மேல்சட்டை பின்னித் தரேன். கழுத்துலேர்ந்து ஆரம்பிச்சுக் கீழ இறக்கற மாதிரி. அப்பப்ப வந்து போட்டுப் பாக்கட்டும். சட்டை முடியற அன்னிக்கு என் பதிலைச் சொல்றேன்."

நெட்டை குதித்தான். நான் குதிக்கவில்லை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். கீழிருந்து மேலே பின்னினால் அளவு எடுத்தது எடுத்ததுதான், ஆளே வேண்டாம். கழுத்திலிருந்து இறக்கினால் தோளுக்கு ஒருமுறை, அக்குளுக்கு ஒருமுறை, இடுப்புக்கு ஒருமுறை ஆள் வந்து போட்டுக் காட்ட வேண்டும். மூன்று முறை வரவேண்டும், மூன்று முறை கையைத் தூக்கி நிற்க வேண்டும். ஆலை வாசலை அப்படியே எங்கள் கூடத்துக்குக் கொண்டு வந்துவிட்டாள்.

வெள்ளரிப் பிஞ்சு நிறத்தில் நூல் வாங்கினாள். கழுத்துக்குத் தொண்ணூற்றாறு கண்ணிச் சங்கிலி. அந்தச் சங்கிலியிலிருந்துதான் மொத்தச் சட்டையும் தொங்கப் போகிறது. எனக்கும் கொஞ்சம் பின்னத் தெரியும். "உன் கை இறுக்கம். சங்கிலிக்கு மட்டும் பெரிய ஊசி எடுத்துக்கோ, தளர்வா வரும். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" என்றேன்.

"எல்லாரும் செய்யறது எனக்கு எதுக்கு?" என்று சின்ன ஊசியிலேயே போட்டு முடித்தாள்.

தோள் வரை வந்ததும் முதல் அழைப்பு. பெண் தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி வந்தாள். அறைக்குள் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். முடி தோளிலும் கழுத்திலும் படர்ந்து கிடந்தது. அக்கா சுற்றிச் சுற்றி வந்தாள். தோளை நீவியபடியே முன்பு எங்கே வேலை பார்த்தாள், ஏன் விட்டாள், கூடப் படித்தவர்கள் யார், போனில் பேசுவது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெண் கையைத் தூக்கியபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"சட்டை சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அத்தை."

அவள் போன பிறகு அக்கா சோபாவில் விழுந்து கிடந்த ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அளவு பாக்க வர்றவ தலையை முடிஞ்சுக்கிட்டு வர மாட்டாளா? எதுக்கு அவிழ்த்துவிட்டுட்டு வர்றா?"

"அழகா இருக்கணும்னு இருக்கும்."

"யாருக்கு? நெட்டை ஆபீஸ்ல இருக்கான். எனக்கா?"

அடுத்த வாரம் என்னை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். ஒரு மணி நேரத்தில் ஏழு பேருந்துகள் வந்தன. ஏழையும் விட்டோம். கடையின் கண்ணாடிக்குள் பெண் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். முடியை உச்சியில் இறுக்கிக் கொண்டையாகப் போட்டிருந்தாள். ஒரு மயிரிழை வெளியே இல்லை.

"பாத்தியா! இங்க கொண்டை, நம்ம வீட்டுல மட்டும் விரிச்ச முடி. கழுத்துல எதையோ மறைக்கறா."

"என்னத்த மறைப்பா?"

"தழும்பா இருக்கும். பச்சை குத்தியிருப்பா. யார் பேரோ."

"இப்ப கழுத்து நல்லாத்தானே தெரியுது, ஒண்ணும் காணோமே?"

"அதான் சந்தேகமா இருக்கு" என்றாள். இவளோடு மனிதர் பேச முடியுமா?

அக்குள் வரை வந்து, கைக்கு இடம் விட்டு, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பின்னிய பிறகு இரண்டாவது அழைப்பு. மறுபடி விரித்த முடி. மறுபடி "சரியா இருக்கு அத்தை." ஆனால் அன்று அக்கா வேறொன்றைக் கண்டுபிடித்தாள். சட்டை ஓரத்தில் பெண்ணின் கட்டைவிரல் மெல்ல நகர்ந்துகொண்டே போனதாம். உதடும் அசைந்ததாம்.

"எண்ணறாடி! கண்ணியை எண்ணறா. அவளுக்கு இந்த வேலை தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி நிக்கறா. பாம்பின் கால் பாம்பறியும்."

அப்போது எனக்கே லேசாக உறுத்தியது. தெரிந்திருந்தால் சொல்லலாமே, சொன்னால் இரண்டு பேரும் பேச ஒரு விஷயம் கிடைக்குமே? அக்காவின் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டதோ என்று பயமாக இருந்தது.

இடுப்பு வரை இறங்கியதும் அக்கா வேண்டுமென்றே ஒரு தப்பைச் செய்தாள். வலை மாதிரி கட்டம் கட்டமாக வரும் பின்னலில், இடது இடுப்புப் பக்கம் ஒரு கண்ணியை விட்டு, இரண்டு கட்டத்தை ஒன்றாக்கினாள். பின்னத் தெரியாதவர் கண்ணில் ஜென்மத்துக்கும் படாது. மேஜை ஓரத்தில் நூல்கண்டு வைக்கிற அதே தந்திரம்.

"இது தேவையா அக்கா? நெட்டை கிளம்ப இன்னும் ஒரு மாசம்கூட இல்லை. பொண்ணை வேணாம்னு சொல்லிட்டா அவன் இந்த வீட்டுக்கு மறுபடி வருவானா?"

"அதுக்குத்தான்டி பாக்கறேன். எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை" என்றாள். குரல் உடைந்திருந்தது. பயந்துபோயிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது முறை. பெண் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கட்டைவிரல் நகர்ந்தது. இடது இடுப்பில் வந்து நின்றது. நானே பார்த்தேன். பிறகு கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு அத்தை."

"உனக்கு இந்த வேலை தெரியும், இல்ல?"

"தெரியும். எங்க அம்மா குழந்தைங்களுக்குத் தொப்பி பின்னிக் கடைக்குக் குடுப்பாங்க. நானும் கூடப் பின்னுவேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்தாயா என்கிற பார்வை. "அப்ப முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கற. இங்க ஒரு கண்ணி விட்டிருக்கே, பாத்தியா பாக்கலியா?"

"பாத்தேன்."

"ஏன் சொல்லலை?"

"அது நீங்க வேணும்னே விட்டது அத்தை. உங்க கை அப்படித் தப்பு பண்ணாது."  பெண் அதோடு நிறுத்தவில்லை. "கடைக்கு எதிர்ல உக்காந்து ஏழு பஸ்ஸை விட்டதும் வேணும்னேதானே?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.  ஆலை வாசலில் அக்காவிடம் எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. பேசும்போது அவர்கள் குரல் உயரும். இந்தப் பெண்ணின் குரல் உயரவில்லை.

"என் கை அப்படித் தப்பு பண்ணாதுன்னா, வேற எப்படிப் பண்ணும்?"

பெண் அறைக்குள் போனாள். சட்டையைக் கழற்றித் தன் உடையில் திரும்பி வந்தாள். முடியை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பிடித்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு. சங்கிலியின் கண்ணி கண்ணியாகத் தோலில் பதிந்திருந்தது. உட்கார்ந்து எண்ணியிருந்தால் தொண்ணூற்றாறு இருந்திருக்கும்.

"கழுத்து இறுக்கம் அத்தை. முதல் நாள்லேர்ந்தே. தலை வழியாப் போடற சட்டையில கொண்டை நுழையாது, அதான் அன்னிக்கு அவிழ்த்துட்டு வந்தேன். அப்புறம் இந்தக் கோடு தெரியக் கூடாதுன்னு அப்படியே வந்தேன்."

"வாய் இல்லையா உனக்கு? சொன்னா என்ன?"

"சொன்னா முழுசாப் பிரிக்கணும். கழுத்துதான் ஆரம்பம், கீழேருந்து பிரிச்சுட்டே போனா கடைசியிலதான் அது வரும். மறுபடி முதல்லேர்ந்து பின்னணும். சட்டை முடிஞ்சாத்தான் பதில்னு சொன்னீங்க. அவர் அதுக்குள்ள ஊருக்குப் போயிடுவாரு." முடியைக் கீழே விட்டாள். "கழுத்துதானே, பழகிடும்னு நினைச்சேன்."

அக்கா எழுந்து போய் அவள் முடியை விலக்கிப் பார்த்தாள். ஒரு விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள். பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் எத்தனையோ முறை அக்கா மேல் கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி அவமானப்பட்டதில்லை. மூன்று முறை சுற்றி வந்தோம். யார், எவர், எங்கே என்று ஆயிரம் கேட்டோம். வலிக்கிறதா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

"இருபத்தாறு வருஷமா என் முன்னாடி கையத் தூக்கி நின்னவங்க யாரும் எதுவும் சொன்னதில்லை" என்றாள் அக்கா, யாரிடம் என்று இல்லாமல். "எல்லாம் சரியா இருக்கு, அதான் சொல்லலைன்னு நினைச்சுட்டேன்."

 பிறகு அக்கா சட்டையை வாங்கி, நூல் பிரியாமல் இருக்கக் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். நுனியைப் பிடித்து இழுத்தாள். கரகரவென்று சுற்றுச் சுற்றாகப் பிரிந்தது. இடுப்பு போயிற்று, அக்குள் போயிற்று.

"அத்தை, வேணாம்!" பெண் ஓடிவந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது. "நான் எதுவும் சொல்லலை. அப்படியே இருக்கட்டும். போட்டுக்கறேன்."

"விடு. சட்டை எப்ப முடிஞ்சாலும் முடியட்டும்." அக்கா இழுத்துக்கொண்டே இருந்தாள். "அவனுக்குப் போன் போட்டுத் தேதி குறிக்கச் சொல்லு. சம்மதம்னு நான் சொன்னேன்னு சொல்லு. நூலைச் சுத்து முதல்ல, சிக்காயிடும்."

பெண் போனை எடுப்பதா நூலைப் பிடிப்பதா என்று தெரியாமல் நின்றாள். போனை நான் போட்டேன். நெட்டை ஆபீசில் கத்திய கத்தல் கூடம் வரை கேட்டது.

கடைசிக் கண்ணியும் பிரிந்து, நூல் சுருள் சுருளாக மடியில் கிடந்தது. அக்கா ஊசி டப்பாவைத் திறந்து, இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட எடுக்காத பெரிய ஊசியை எடுத்தாள். பெண்ணிடம் நீட்டினாள்.

"கழுத்துச் சங்கிலியை நீ போடு. என் கை இறுக்கம்."

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போட ஆரம்பித்தாள். கண்ணிகள் இழுபடாமல் வரிசையாக விழுந்தன. அக்கா தலையைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் உதடு அசைந்துகொண்டிருந்தது. முடித்துக் கையில் கொடுத்ததும் கேட்டாள்:

"நூத்தி நாலு. எட்டு கூட இருக்கே?"

"இருக்கட்டும் அத்தை."

அக்கா சங்கிலியை வளையமாகப் பிடித்து, பெண்ணின் தலை வழியாக இறக்கிக் கழுத்தில் வைத்தாள். உள்ளே இரண்டு விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.