ஜெபமலர் வைக்காத சல்யூட்

ஜெபமலரிடம் நான் முதலில் போட்டது சண்டைதான். சீசனில் ஐந்தருவியில் பழக்கடை போட்டிருந்தவள், போன வருஷம் இலஞ்சியில் என் அப்பா இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்பா தங்கசாமி ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. மறதி நோய் முற்றியதும் வடகரை வீட்டில் வைத்துப் பார்க்க எங்களால் முடியவில்லை. இல்லத்தில் அவருக்கு ராஜமரியாதை. தினமும் காலையில் ஊழியர்கள் வரிசையாக நின்று, "வணக்கம் ஏட்டையா" என்று சல்யூட் வைப்பார்கள். அப்பாவும் விறைப்பாக நின்று வாங்கிக்கொள்வார். அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் போட்டு ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்.

ஒருநாள் ஜெபமலர் போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஒங்க அப்பா, ஒரே ரூம்ல கூட இருக்க வாத்தியார் கணபதிசுப்பிரமணியன் சாரை அடிக்காவ. குளிப்பாட்டும்போது பாத்தேன், முதுகெல்லாம் கன்னிப்போயிருக்கு. இல்லத்துப் பதிவு நோட்டுல எழுதிட்டேன். ரெண்டு வீட்டுக்கும் சொல்லுதேன்."

முப்பது வருஷ சர்வீஸில் ஒரு புகார் வாங்காத மனுஷன் மேல் புகாரா? "இரு, ஒன் வேலைக்கு உலை வைக்கேன்" என்று கத்தினேன்.

"வைங்க. அதுக்கு முன்னால நாளைக் காலைல ஒரு எட்டு வந்து பாத்திருங்க. அதுவரைக்கும் ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இருந்துக்கிடுதேன்" என்றாள்.

போனேன். "வயசானவங்க விளையாட்டு சார், அவகிட்ட எழுதாதேன்னேன், கேக்கல" என்று மேனேஜர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். சல்யூட் முடிந்ததும் அப்பா நேராக அறைக்குப் போனார். கட்டிலில் இருந்த சாரிடம், "நகையை எங்கலே வச்சிருக்க?" என்று கை ஓங்கினார். எண்பது வயது வாத்தியார் தானாகத் திரும்பி முதுகைக் காட்டினார். அவருக்கு அது பழகிப்போயிருந்தது. ஜெபமலர் குறுக்கே பாய்ந்தாள். அடி அவள் தோளில் விழுந்தது.

அந்த நோட்டை வாங்கிப் படித்தேன். தேதி, நேரம், காயம் எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே: "தங்கசாமி அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. சல்யூட் வைத்தால் டூட்டியில் இருப்பதாக நினைக்கிறார். நான் வைப்பதில்லை. அவருக்கும் வைத்தியம் வேண்டும்."

அடித்தவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருந்தாள். பெற்ற பிள்ளை எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

அன்றே இருவருக்கும் தனித்தனி அறை கொடுத்தார்கள். தென்காசியில் டாக்டரிடம் காட்டி மருந்து மாற்றினோம். சல்யூட்டை நிறுத்தினார்கள். இப்போது எல்லோரும் "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சாந்தமாக இருக்கிறார். ஜெபமலர் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் விடமாட்டேன்.

சாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்றதுக்கு என்ன இருக்கு? அடி விழறதை எல்லாரும்தான் பாத்தா. ஏட்டையா ஏட்டையான்னு சிரிச்சுண்டே போயிடுவா" என்றார். "சட்டையைக் கழட்டிப் பாத்துட்டு, வலிக்குதா சார்னு கேட்டவ அந்தப் பொண்ணு ஒருத்திதான். அன்னிக்குத்தான் நான் அழுதேன்."