நிற்பதற்கு ஒரு டிக்கெட்

என் வீட்டுக்காரரின் காதுக்கு மிஷின் வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தில் அவர் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். இரண்டு டிக்கெட். ஒன்று மட்டும் வாங்கியிருந்தால் மனிதருக்குக் கிறுக்கு என்று விட்டிருப்பேன். எனக்கும் சேர்த்து வாங்கியதில்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஜொகூர் பாருவை ஒட்டிய மாசாயில், வரிசை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. நான் கத்தினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்க வேண்டிய ஒருவருக்குத்தான் கேட்காது. அன்றைக்கும் சமையலறையில் நான் போட்ட கூச்சலில் பாதிதான் அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் பாட்டுக்குக் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, அதிலிருந்த டிக்கெட்டைக் காட்டிச் சிரித்தார்.

"முன்னாடி புள்ள. ரொம்ப முன்னாடி. அவன் வேர்வை நம்ம மேல தெறிக்கும்."

"எவன் வேர்வையோ என் மேல தெறிக்க இவ்வளவு வெள்ளியா?"

அவன் என்பது ஒரு கிட்டார்க்காரன். வெளிநாட்டுப் பையன், ப்ளூஸ் வாசிப்பவன். எங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவனாக இருப்பான். சிங்கப்பூரில் வாசித்துவிட்டு அப்படியே ஜொகூர் பாருவில் ஒரு மாலை வாசிக்கிறான். அங்கே டிக்கெட் கிடைக்காதவர்கள் பாலம் தாண்டி வருவார்கள் என்று தெரிந்தே விலை வைத்திருந்தார்கள். அவர்கள் டாலருக்கு அது சல்லிசு. நம் மலேசிய வெள்ளிக்குத்தான் கையைக் கடிக்கும். மீனிலிருந்து வீட்டு வாடகை வரைக்கும் இங்கே எல்லாம் அப்படித்தானே.

அவருக்கு இந்தக் கிறுக்கு கல்யாணத்துக்கு முன்பே உண்டு. செடெனாக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அமெரிக்காவுல இந்தப் பாட்டு பாடின கறுப்பு சனங்களும் பருத்தித் தோட்டத்துல கெடந்தவங்கதான் புள்ள" என்பார். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். எனக்கு ஒட்டவில்லையே! இத்தனை வருடம் கேட்டும் ஒரு பாட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. யாரோ கம்பியைப் பிடித்து இழுக்கிறார்கள், அது முனகுகிறது, இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

விஷயம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போயிற்று. அவர் கல்யாண வீடுகளில் கீபோர்டு வாசிப்பவர், சங்கீதத்தில் எங்கள் தாமானின் கடைசித் தீர்ப்பு அவருடையதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார்.

"பெரிய ஆளுங்கல்லாம் போய்ச் சேந்துட்டாங்கண்ணே. இந்தப் பையன் அவங்க வாசிச்சதத்தான் திருப்பி வாசிக்கிறான். கொஞ்சம் வேகமா வாசிக்கிறான், அவ்வளவுதான். அதுக்கு இவ்வளவு குடுக்கணுமாண்ணே?"

"போனவங்க டிக்கெட் விக்க மாட்டாங்களே லா" என்றார் இவர். இவர் சத்தமாகச் சொன்னதில் தெருக்கோடி நாய் எழுந்து உட்கார்ந்தது.

காது போனது தொழிற்சாலையில். பாசிர் கூடாங்கில் தகர டின்களுக்கு மூடி அடிக்கும் இடம் அது. இவர் பிரஸ் மிஷினில் நிற்பார், நான் எதிர் வரிசையில் மூடிகளைச் சரிபார்த்துப் பெட்டியில் போடுவேன். காதில் வைக்க மஞ்சள் பஞ்சு கொடுப்பார்கள். எல்லோரும் வைத்துக்கொள்வோம். இவர் மட்டும் அடிக்கடி கழற்றிவிடுவார். அச்சு மழுங்கத் தொடங்கினால் மிஷினின் சத்தம் கொஞ்சம் மாறுமாம், பஞ்சு வைத்தால் அது தெரியாதாம். கூர்ந்து கேட்டுக் கேட்டே காதைத் தொலைத்தவர் அவர்.

அந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. பேசினாலும் அங்கே மலாய்க்காரர், சீனர், இந்தோனேசியர், நாங்கள் என்று ஆளுக்கொரு பாஷை. அதனால் எல்லோருக்கும் பொதுவாகக் கைப்பேச்சு ஒன்று இருந்தது. சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் 'ரிஜெக்ட்', சரக்கு மோசம் என்று அர்த்தம். உள்ளங்கையைத் தட்டையாக நீட்டினால் மிஷின் நின்றுவிட்டது. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஓடுகிறது. மணிக்கட்டை இரண்டு முறை தட்டினால் ஓ.டி., அதாவது வேலை நேரம் முடிந்த பிறகும் இருந்து செய்யும் ஓவர்டைம்.

இவர் என்னைக் கேட்டது அதில்தான். ஒரு சாயங்காலம் எதிர் வரிசையிலிருந்து என்னைப் பார்த்து மணிக்கட்டைத் தட்டினார். நீ ஓ.டி. செய்கிறாயா என்று கேட்கிறார். செய்தால் இருவருக்கும் ஒரே பஸ். நான் முதலில் சுண்டுவிரலைத்தான் தூக்கிக் காட்டினேன். என் பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மூடிகள் சரிந்தன. மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். பிறகு ஒருநாள் நானும் மணிக்கட்டைத் தட்டினேன். நீ இருந்தால் நானும் இருக்கிறேன் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

மகள் பிறந்த பின் நான் அந்த வேலையை விட்டேன். இப்போது ஒரு பேரங்காடியில் கல்லாவில் இருக்கிறேன். இவர் அங்கேயேதான் சூப்பர்வைசராக இருக்கிறார். மகள் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கத்திப் பேசும்போது அன்பாகப் பேச முடியாது. 'சாப்பிட வாங்க' என்பதையே மூன்றாவது தடவை கத்திச் சொன்னால் அது சண்டையாகிவிடுகிறது. அன்றைக்குக் கடையில் நடந்த ஒரு சின்ன வேடிக்கையைச் சொல்ல வாயெடுப்பேன். அதைக் கத்திச் சொல்ல வேண்டுமே என்று நினைத்ததும் விட்டுவிடுவேன். இப்படி விட்டு விட்டு, ஒரு நாளைக்கு நாங்கள் பேசுவது சாப்பாடு, மருந்து, கேட் பூட்டு என்று வந்து நின்றுவிட்டது. அதனால்தான் அந்தக் காது மிஷினுக்காக நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். அவரிடம் மெதுவாகப் பேச வேண்டும், அது போதும் எனக்கு.

காது பரிசோதனை செய்த பெண் எங்களுக்கு ஒரு படத்தைக் காட்டி விளக்கினாள். மெல்லிசான, உச்சத்தில் இருக்கும் சத்தங்கள்தான் முதலில் போகும். குருவிச் சத்தம் போய்விட்டது, மற்றவையும் மெல்லப் போகும் என்றாள். இவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த வாரம்தான் டிக்கெட் வாங்கினார்.

கோபம் ஆறியபின் வாசல் போர்ச்சில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய், முகத்துக்கு நேரே நின்று கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"மிஷின் எப்பவும் வாங்கிக்கலாம் புள்ள. காது எப்பவும் இருக்காது" என்றார். துணியை உதறினார். "மிஷின் மாட்டுனா மிஷின்தான் கேக்கும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ, நேரா, என் காதாலயே கேட்டுடறேன். நீயும் பக்கத்துல இருக்கணும்."

அங்கே போயும் கேட்காவிட்டால்? அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பணக்கவலை போய் இந்தக் கவலை வந்துவிட்டது. அவ்வளவு ஆசையோடு போய் அங்கே ஒன்றும் கேட்காமல் இந்த மனிதர் நின்றால் அதை என்னால் தாங்க முடியாது.

கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. இவ்வளவு கொடுத்துப் போகிறோமே என்று நான் பட்டுச்சேலை கட்டினேன். அவர் தீபாவளிக்கு எடுத்த, பூ அச்சுப் போட்ட பாத்தேக் சட்டை. மண்டபத்தில் எல்லோரும் கறுப்பு டி-சட்டையும் கிழிந்த ஜீன்ஸுமாக வந்திருந்தார்கள். டிக்கெட் பார்த்த பெண் தமிழ்ப் பிள்ளை. என் சேலையை ஒரு தடவை, டிக்கெட்டை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது நிக்கிற டிக்கெட்டு லா."

"நிக்கிறதுன்னா?"

"நாற்காலி கெடையாது ஆன்ட்டி. மேல இருக்கிற சீப் டிக்கெட்டுக்குத்தான் நாற்காலி."

இருப்பதிலேயே விலை கூடியதுதான் நல்ல இடம் என்று இவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருக்கிறார்! நான் அவர் பக்கம் திரும்பி, நல்ல காதாகப் பார்த்துக் கத்தினேன்.

"நாம நின்னதுக்கு பேக்டரில சம்பளம் குடுத்தான். இங்க நிக்கறதுக்கு நாமளா குடுக்கணும்? அலமாக்!"

அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். உள்ளே போனோம். ஆனால் ஒன்று, நிற்பது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு காலில் கொஞ்ச நேரம், மறு காலில் கொஞ்ச நேரம், முழங்காலை விறைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றி இருந்த இளசுகள் தொடங்கும் முன்பே நெளிய ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் பாட்டு தொடங்கியதும் தரை அதிர்ந்தது. என் நெஞ்செலும்பில் யாரோ தட்டுவது போல் இருந்தது. இவர் முகத்தைப் பார்த்தேன். மலர்ந்து போயிருந்தது. கேட்கிறது! எனக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியில் பழைய குறும்பும் வந்தது. மேடையைக் கண்ணால் காட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினேன். ரிஜெக்ட்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன். பிறகு எங்களுக்குக் கை ஓயவில்லை. டிரம் அடிப்பவன் மிஷின் மாதிரி அடிக்கிறான் என்று அவர் காட்டினார். பாடுவது சுமார், கை நல்ல கை என்று நான் காட்டினேன். சுற்றி இருந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்தி, புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் சௌகரியமாகப் பேசிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

பாதிக்குப் பிறகு அந்தப் பையன் மற்றவர்களைக் கை காட்டி நிறுத்தினான். கிட்டாரில் ஏதோ திருகிச் சத்தத்தைக் குறைத்தான். மேடை ஓரத்துக்கு, எங்களுக்கு எதிரே வந்து, தனியாக வாசிக்கத் தொடங்கினான். மெல்ல, இன்னும் மெல்ல. அத்தனை கூட்டமும் மூச்சுக் காட்டவில்லை. சத்தம் மேலே மேலே போய் நூல் மாதிரி ஆயிற்று.

இவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவன் விரல்களைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, உள்ளங்கையைத் தட்டையாக நீட்டினார்.

நின்றுவிட்டதா?

ஆள்காட்டி விரலைத் தூக்கிச் சுழற்றினேன். இல்லை. ஓடுகிறது.

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, கையைக் கீழே இறக்கவில்லை. சத்தம் ஏறினால் கையை ஏற்றினேன். அவன் கம்பியை இழுத்துப் பிடித்தால் என் விரல்களை வளைத்து, அது நடுங்கும் அளவுக்கு நடுக்கினேன். அவன் விட்டு இறங்கும்போது நானும் இறங்கினேன். எங்கள் கைப்பேச்சில் இதற்கெல்லாம் சைகை கிடையாது. வாய்க்கு வந்ததைப் பேசுவது போலக் கைக்கு வந்ததைக் காட்டினேன். இவர் அவன் விரலைப் பார்ப்பார், பிறகு என் கையைப் பார்ப்பார், மறுபடி அவன் விரலைப் பார்ப்பார்.

ஒன்றையும் தவறவிடக் கூடாதே என்ற பயத்தில் அன்றைக்குத்தான் ப்ளூஸைக் கேட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, மறுபடி வேறு மாதிரி சொல்லப் பார்க்கும் ஒரு ஆளின் குரல் அதில் இருந்தது. இத்தனை வருடம் என் சமையலறைக்கு அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது இதுதானா? கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்தப் பையனுக்கு அந்தப் பணம் தகும்.

அந்தக் கடைசிச் சத்தம் அடங்கியதும் உள்ளங்கையை நீட்டினேன். நின்றுவிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. அது இவருக்குக் கேட்டது. என் ஈரமான கன்னத்தைத் தன் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, அந்தக் கைக்குட்டையாலேயே தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு இரண்டு மூன்று பாட்டு. வாசித்தவர்கள் எல்லோரும் வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். கூட்டம் கலையாமல் இன்னும் வேண்டும் என்று கை தட்டிக்கொண்டே நின்றது. இவர் என் சேலையையும் காலையும் பார்த்தார். களைத்திருப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். கதவைக் காட்டி, போகலாமா என்று தலையசைத்தார்.

நான் மணிக்கட்டை இரண்டு முறை தட்டினேன்.

கதவைக் காட்டிய கையை அவர் கீழே இறக்கினார். பிறகு அவரும் தட்டினார்.